ஆடித் தள்ளுபடியில் ஓர் உயிர்

வேலமடையில் முதன்முதலாகச் செத்துத் திரும்பியவர் ரைஸ்மில் அர்த்தநாரி. ஆடி பிறந்த வாரத்தில் ஒரு மத்தியானம், சோற்றில் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இலைமேல் சாய்ந்தவரை, டாக்டர் வந்து பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போன பிறகு, வாசலில் பெஞ்சு போட்டுக் கிடத்தி, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டி, மாலைக்கு ஆள் அனுப்பி, பந்தலுக்குச் சொல்லி, கொட்டுக்காரர்களுக்கு அட்வான்ஸ் கொடுத்து, பொம்பளைகள் கட்டிப் பிடித்து அழ ஆரம்பித்து, அழுகை நல்ல சுருதிக்கு வந்த நேரத்தில், பெஞ்சில் கிடந்த உடம்பு சோக்குப் போன டியூப்லைட் மாதிரி மினுக்கி மினுக்கி அணைந்துபோயிற்று. விரல்களைக் கட்டிய துணி மட்டும் முடிச்சு அவிழாமல் பெஞ்சில் கிடந்தது.

அதே நேரம் பஸ் ஸ்டாண்டில், கட்டணக் கழிப்பிடத்தின் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்திருந்த வெள்ளியங்கிரி நிமிர்ந்து பார்த்தான். பக்கத்தில் நட்டிருந்த பெரிய விளம்பர போர்டுக்கு அடியில் ரைஸ்மில்காரர் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் மோர் சோறு ஒட்டியிருந்தது. ஆள் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தார். அவர் உள்ளே போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்த வெள்ளியங்கிரி, "சில்லறையாக் குடுங்க மொதலாளி, காத்தால இருந்து எல்லாரும் நோட்டாவே நீட்டறாங்க" என்றான்.

"நான் செத்துப்போயிட்டனாட்டம் இருக்குது வெள்ளியங்கிரி."

"அப்படீங்களா? மொதல்ல கையைக் கழுவுங்க" என்று குழாயைத் திறந்துவிட்டான்.

மினுக்கல் அடங்கியதும் அவர் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார். அங்கே அவருக்காகக் காத்திருந்தது சண்டைதான். வாங்கிய மாலையைப் பூக்காரம்மா திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்தாள். வந்த வழிக்கு ஒரு அடி அடித்துவிட்டுத்தான் போவோம் என்று கொட்டுக்காரர்கள் அடம்பிடித்தார்கள். கடைசியில் அர்த்தநாரி அந்த மாலையைத் தானே போட்டுக்கொண்டு, தன் எழவுக் கொட்டுக்குத் தானே இரண்டு ஆட்டம் ஆடி, ஆளுக்கொரு டீ வாங்கிக்கொடுத்து அனுப்பிவைத்தார்.

போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊர் அப்புறந்தான் எழுத்துக் கூட்டிப் படித்தது. 'வேலமடை மக்களே! ஆடித் தள்ளுபடி! இந்த ஆடி முழுக்க உங்கள் உயிருக்கு ஒரு உயிர் இலவசம்!' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. கீழே அசுரக் கோட்டை என்ற செல்போன் விளையாட்டின் பெயரும் இருந்தது. அதை டிரான்ஸ்பார்மர் மறைத்துக்கொண்டிருந்தது.

அதை எழுதியவள் அதே ஊரில், அம்மன் கோயில் வீதியில் இருந்த கோகிலவாணி. சென்னையில் ஒரு விளம்பரக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடியே எழுதிக் கொடுப்பது அவள் வேலை. செல்போன் விளையாட்டுகளுக்கான விளம்பரம் எல்லாம் அவள் தலையில். அவள் ஒரு நாளும் அந்த விளையாட்டுகளை ஆடியதில்லை. ஆனால் பத்தொன்பது வயசுப் பையன் ஒருவன், தலைமுடியை ஒரு பக்கம் மட்டும் வழித்துக்கொண்டு, அம்மா சாப்பிடக் கூப்பிடுவது காதில் விழாமல் கட்டிலில் கவிழ்ந்து படுத்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு, அவனுக்குப் பிடிக்கிற மாதிரி 'வெறித்தனம்', 'தெறி', 'சம்பவம்' என்று மாற்றி மாற்றிப் போட்டு எழுதிவிடுவாள். எழுதுவது கஷ்டமில்லை, அவகாசந்தான் கஷ்டம். முதலாளி ரெஜினால்டுக்கு எல்லாமே நேற்றே வேண்டும். அவர் போன் பண்ணினால் ஹலோ சொல்லமாட்டார், "முடிஞ்சுதா?" என்பார். இந்த ஆடித் தள்ளுபடியும் அப்படித்தான் வந்தது. ஊர் ஊராக போர்டு வைக்கிறார்கள், ஒவ்வொரு ஊருக்கும் அந்த ஊர்ப் பெயரைப் போட்டு வாசகம் வேண்டும், பிளெக்ஸ் அடிக்கிறவன் மிஷினை ஓடவிட்டுக்கொண்டு காத்திருக்கிறான் என்றார் ரெஜினால்டு. அவள் கை முதலில் தன் ஊரைத்தான் அடித்தது. அடித்து அனுப்பி, விளையாட்டுக் கம்பெனிக்காரர்கள் ஓகே சொல்லி, அச்சுக்கும் போன பிறகுதான் 'விளையாட்டில்' என்ற வார்த்தையை விட்டுவிட்டோம் என்று தெரிந்தது. மற்ற ஊர்களுக்கெல்லாம் சேர்த்துவிட்டாள். வேலமடைக்கு மட்டும் அப்படியே நின்றுபோயிற்று. நம்ம ஊர்க்காரர்கள் இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று இருந்துவிட்டாள்.

ஏன், எப்படி என்று வேலமடையில் யாரும் கேட்கவில்லை. தள்ளுபடி என்றால் கேள்வி கேட்காமல் வாங்கி வைத்துக்கொள்ளுகிற ஊர் அது. அர்த்தநாரியை அடுத்து மின்கம்பத்தில் ஏறிய லைன்மேன் திரும்பி வந்தான்; லாரி பட்டறையில் ஜாக்கி நழுவி வண்டிக்கடியில் போனவர் திரும்பி வந்தார்; எண்பதைத் தாண்டிய ஒரு பெரியவர் தூக்கத்தில் போய்த் திரும்பி வந்து, இதற்கு எதற்கு எழுப்பினீர்கள் என்று போர்டைப் பார்த்துத் திட்டினார். சொந்தக்காரர்கள் இப்போது எழவுக்குப் பாடை கட்டுவதை விட்டுவிட்டு, மாற்றுத் துணியையும் ஒரு சொம்புத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போர்டுக்கு அடியில் போய் நின்றார்கள். நிற்கிறவர்களுக்கு வெயில் படாமல் கவுன்சிலர் ஒரு சாமியானா போட்டு அதில் தன் படத்தை மாட்டினார். வெள்ளியங்கிரி இலவசமாகக் குளிக்க இடம் ஒதுக்கினான். நகராட்சியில் மட்டும், போட்ட இறப்புச் சான்றிதழைத் திரும்ப வாங்க வழியில்லை என்று சொல்லிவிட்டதால், அர்த்தநாரி தன் பெயரில் கரண்ட் பில் கட்டப் போன இடத்தில், வாரிசுதாரரைக் கூட்டி வரச் சொன்னார்கள். அவர் மகனைக் கூட்டிப்போய், அவன் கையெழுத்துப் போட, தான் பக்கத்தில் நின்று அவனை அதட்டிக்கொண்டிருந்தார்.

அம்மன் கோயில் வீதியிலேயே ஒரு சம்பவம் நடந்தது. ஆடிக்குத் தாய்வீடு வந்திருந்த தேன்மொழி, ஏழு மாதக்காரி, சமையல்கட்டுப் படியில் வழுக்கி விழுந்து, தலை அடிபட்டுப் போய்விட்டாள். அவள் அம்மா கதறிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினபோது, பெண் வயிறும் பிள்ளையுமாக போர்டுக்கு அடியில் மினுக்கிக்கொண்டு நின்றாள். வயிறு தனியாக வேறு தாளத்தில் மினுக்கியது. அதில் ஒரு உயிர் செலவானதா, இரண்டா என்று டீக்கடைகளில் வெகு நேரம் பேசினார்கள். பிறக்காத பிள்ளைக்குப் போர்டு படிக்கத் தெரியாது, அதனால் அதன் கணக்கில் சலுகை மிச்சம் இருக்கிறது என்று ஒரு கட்சி. தாயோடு சேர்ந்ததுதான் என்று ஒரு கட்சி. தேன்மொழி மட்டும் எதிலும் சேராமல், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து நடந்தாள்.

திரும்பி வந்த எல்லோருமே அப்படித்தான் ஆனார்கள். ஊர் அவர்களை ஒத்தை உயிர்க்காரர்கள் என்றது. கையில் ஒன்று மிச்சம் வைத்திருக்கிறவர்கள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, லாரிகளுக்கு நடுவில் பூந்து பூந்து வண்டி ஓட்டிக்கொண்டிருக்க, ஒத்தை உயிர்க்காரர்கள் ரோட்டைத் தாண்ட ஓரத்தில் நெடுநேரம் நின்றார்கள். சோற்றை மென்று தின்றார்கள். யாராவது கூப்பிட்டால் உடனே திரும்பிப் பார்த்தார்கள். அவர்களைப் பார்த்து ஊருக்குப் பாவமாக இருந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுத்தார்கள். பக்கத்து ஊர்களில் எல்லோருமே ஒத்தை உயிரோடுதான் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் நினைவுக்கு வரவில்லை.

போர்டு எழுதின பொண்ணு என்று கோகிலவாணிக்குப் பேர் வந்தாலும், அதனால் பெரிய மரியாதை ஒன்றும் வந்துவிடவில்லை. இன்னும் கொஞ்சம் யோசித்து எழுதியிருக்கலாமே அம்மிணி, சர்க்கரை வியாதிக்கும் சேர்த்து ஒரு வரி போட்டிருக்கலாமே என்றுதான் வீதியில் போகிறவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். கவுன்சிலர் அவளைப் பிடித்து 'வேலமடைக்குத் தினமும் காவிரித் தண்ணீர்' என்று எழுதி வாங்கி போர்டு வைத்துப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் வரவில்லை. யோசித்துப் பார்த்ததில் கோகிலவாணிக்குக் காரணம் புரிந்தது: அதற்குக் கம்பெனி ஓகே சொல்லவில்லை. கம்பெனி ஓகே சொல்லாத வாசகத்தால் எதுவும் நடக்காது என்பது அவள் இத்தனை வருஷ வேலையில் கண்டதுதான்.

அவளுடைய அம்மா பாவாயிக்கு வேறு யோசனை இருந்தது.

பாவாயியின் புருஷன் நல்லசிவம் பங்குனியில் இறந்துபோனவர். அன்றைக்குக் காலையில் இரண்டு பேருக்கும் கொல்லையில் நிற்கிற முருங்கை மரத்தைப் பற்றிச் சண்டை. துணி துவைக்கிற கல்லின்மேல் கம்பளிப்பூச்சியாகக் கொட்டுகிறது, வெட்ட வேண்டும் என்றாள் அவள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, "வந்து சொல்றேன்" என்று சந்தைக்குப் போனார். சந்தையிலிருந்து அவரை வண்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தார்கள். அதற்குப் பிறகு பாவாயி அழுததைவிட அந்த மரத்தை முறைத்துக்கொண்டு நின்றதுதான் அதிகம்.

"எனக்கு எதுக்கு ரெண்டு உசுரு கண்ணு? ஒண்ணே பெரும்பாடா இருக்குது" என்றாள் மகளிடம். "என்ற உசுருல ஒண்ணை அவருக்கு மாத்திக் குடுக்கற மாதிரி ஒரு வரி எழுது."

"அம்மா, அவரு ஆடிக்கு முன்னாடியே போயிட்டாரு. சலுகை ஆடியிலதான்."

"கொடுக்கறவ ஆடியிலதான இருக்கறேன்?"

 அப்பா செருப்பு மாட்டிய சத்தம் கோகிலவாணியின் காதிலும்தான் இருந்தது. அடுத்த தடவை கம்பெனி வாசகம் கேட்கும்போது எப்படியாவது சேர்த்துவிடுகிறேன் என்று சொன்னாள். அன்றிலிருந்து பாவாயி அவர் வேட்டிகளை எடுத்து வெயிலில் போட ஆரம்பித்தாள்.

ஆடியின் கடைசி நாள் மத்தியானம் ரெஜினால்டு சென்னையிலிருந்து காரில் நேராக வேலமடைக்கே வந்துவிட்டார். புது போர்டு சாயங்காலம் ஆறு மணிக்கு ஏறியாக வேண்டும், போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும், போனில் கோகிலவாணியைப் பிடிக்க முடியவில்லை. காரை நிறுத்திவிட்டு, ஒரு கையில் போனும் ஒரு கையில் டீயுமாக, யாரிடமோ "இப்போ அனுப்பிடறோம், இப்போ அனுப்பிடறோம்" என்று கத்திக்கொண்டிருக்கும்போதே டீக்கடை பெஞ்சின்மேல் அப்படியே சரிந்தார். டீக்கடைக்காரர் பதறவில்லை. கிளாஸ் உடையாமல் வாங்கி வைத்துவிட்டு, "ஊர் எல்லைக்குள்ளதான் விழுந்திருக்காரு, கவலைப்படாதீங்க" என்று டிரைவருக்குத் தைரியம் சொன்னார். கொஞ்ச நேரத்தில் போர்டுக்கு அடியில் ரெஜினால்டு மினுக்கிக்கொண்டு நின்றார். சுற்றிலும் பார்த்தார். வெள்ளியங்கிரி நீட்டிய தண்ணீரைக் குடித்தார். பிறகு கோகிலவாணிக்குப் போன் போட்டு, "முடிஞ்சுதா?" என்றார்.

அவர் வீட்டுக்கு வந்து சொன்ன விவரம் இதுதான். விளையாட்டில் எல்லோரும் இலவச உயிர்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, காசு கொடுத்து வாங்க மாட்டேன் என்கிறார்கள். அதனால் இதுவரை கொடுத்த இலவச உயிர் எதுவும் இனிமேல் செல்லாது என்று போர்டு வைக்க வேண்டும். சுருக்கமாக வேண்டும், மாஸாக வேண்டும்.

கோகிலவாணி நிமிர்ந்தாள். "சார், செல்லாதுன்னு போட்டா திரும்பி வந்தவங்க எல்லாம் என்ன ஆவாங்க?"

"எந்தத் திரும்பி வந்தவங்க?"

"நீங்க எங்கிருந்து சார் வர்றீங்க?"

ரெஜினால்டு தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.  உடனே கம்பெனிக்குப் போன் போட்டு, இந்த ஊரில் போனவர்கள் எல்லாம் திரும்பி வருகிறார்கள் என்று சொன்னார். அந்தப் பக்கத்தில் ஒரே சந்தோஷம். விட்டுப் போன வாடிக்கையாளர்கள் திரும்புகிறார்களா, எத்தனை சதவீதம், மற்ற ஊர்களிலும் இதையே செய்ய முடியுமா என்று கேட்டார்கள். ஆனால் அந்தச் செல்லாது விஷயம் கண்டிப்பாக வந்தாக வேண்டும், உங்களால் முடியாவிட்டால் சொல்லுங்கள், கம்ப்யூட்டரில் கொடுத்து நாங்களே தமிழாக்கிப் போட்டுக்கொள்கிறோம் என்றார்கள்.

போனை வைத்த ரெஜினால்டு நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். "கோகிலா, எனக்கு ரெண்டு குழந்தைங்க. எப்படியாவது நல்லா எழுதிடு." கொஞ்சம் நிறுத்தி, "ஆனா ஆறு மணிக்குள்ள" என்றார்.

விஷயம் வீதிக்குப் போயிற்று. வீதியிலிருந்து ஊருக்குப் போயிற்று. ஒத்தை உயிர்க்காரர்கள் ஒவ்வொருவராக, வாகனம் வருகிறதா என்று இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டி, வாசலில் வந்து சேர்ந்தார்கள். சும்மா நிற்க வந்தவர்கள் அப்புறம் எழுத ஆரம்பித்தார்கள். மங்கலகரமாக ஆரம்பிக்க வேண்டும் என்றார் ஒருவர். எதுகை மோனையோடு இருந்தால்தான் நிற்கும் என்றார் லாரி பட்டறைக்காரர். கவுன்சிலர் தன் படத்துக்கு ஓரமாக ஒரு இடம் விட்டால் போதும் என்றார். நல்லதாக இன்னும் ஒரு ஆடி சேர்த்துக் கேளு கண்ணு என்று பின்னாலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார். தேன்மொழி மட்டும் ஜன்னலோரத்தில் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பாவாயி மகளின் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றாள். "என்ற வரியை எழுதுனியா?"

எழுதியிருந்தாள். 'உங்கள் உயிரை விரும்பியவருக்குப் பரிசாகக் கொடுங்கள்' என்று ஒன்று. அதற்குக் கீழே, அந்தப் பத்தொன்பது வயசுப் பையனை நினைத்து நினைத்து, அடித்து அடித்து, கடைசியில் வந்து நின்ற இன்னொன்று: 'சலுகை ஓவர்! இப்போது களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரே ஓர் உயிர். தைரியம் இருந்தால் ஆடு!' இனாம் தீர்ந்தது என்று கம்பெனி படித்துக்கொள்ளும். இருக்கிறவர்களுக்கு ஆளுக்கொரு உயிர் உண்டு என்று ஊர் படித்துக்கொள்ளும். ஆனால் இரண்டையும் சேர்த்துப் போட இடமில்லை. அத்தனை நீளத்துக்குப் படிக்கிறவன் நிற்க மாட்டான் என்று கம்பெனி கண்டிப்பாகச் சொல்லியிருந்தது. பரிசு வாசகம் போனால் அப்பா வரலாம். ஆனால் செல்லாது என்பதைக் கம்பெனி கம்ப்யூட்டரிலேயே போட்டுக்கொள்ளும், வாசலில் நிற்கிற இந்தக் கூட்டத்துக்கு ஒரு வரியும் இருக்காது.

பாவாயி இரண்டையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "மேல இருக்கறதை அனுப்பு" என்று சொல்லிவிட்டு, வந்தவர்களுக்கு டீ போட உள்ளே போனாள்.

கோகிலவாணி ஜன்னலைப் பார்த்தாள். பிறகு கீழே இருந்ததை அனுப்பினாள்.

பாவாயி தட்டு நிறைய டம்ளர்களோடு வந்தபோது, மகள் திரும்பி உட்கார்ந்து, "அம்மா, உன்றதை அனுப்பல" என்றாள்.

பாவாயி ஒவ்வொருவருக்கும் டீயை நீட்டினாள். ரெஜினால்டுக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். தேன்மொழிக்கு ஆற்றிக் கொடுத்தாள். மகளுக்கு நீட்டாமல் கடைசி டம்ளரைத் தானே எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

கம்பெனியிலிருந்து சீக்கிரமே பதில் வந்தது. வெறித்தனமாக இருக்கிறதாம், பிரமாதமாம், ஓகேயாம். வாசல் முழுக்கக் கைதட்டியது. பிளெக்ஸ் கடைக்குப் போனில் ரெஜினால்டு சத்தமாகப் படித்துக் காட்டியபோதுதான் ரைஸ்மில் அர்த்தநாரி தொண்டையைக் கனைத்தார்.

"களத்தில்னு போட்டிருக்கறீங்களே அம்மிணி. இந்த ஊர்ல களம்னா என்ற களந்தானே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, நெல் காயப்போடுகிற அவருடைய சிமெண்டுக் களம். ஊரில் வேறு களம் இல்லை.

"அதுவுமில்லாம, நிற்கும்னு போட்டிருக்குது" என்றான் வெள்ளியங்கிரி மெதுவாக. "உக்காந்திருக்கறவங்க?"

 போர்க்களத்தைத்தான் கோகிலவாணி நினைத்திருந்தாள். மாற்றலாமா என்று ரெஜினால்டைப் பார்த்தாள். அவர் கைகளை விரித்தார்: ஓகே ஆனதை மாற்றினால் மறுபடி ஓகே வாங்க வேண்டும், ஓகே சொல்கிறவர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அதற்கு மேல் ஊர் நேரத்தை வீணாக்கவில்லை. ஒத்தை உயிர்க்காரர்கள் மட்டும் போனால் போதும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பிறகு, 'ஒவ்வொருவருக்கும்' என்று இருக்கிறதே, நாம் போகாமல் நமக்கு இருப்பதும் போய்விட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதும், வேலமடை மொத்தமும் கிளம்பியது. ரைஸ்மில்லில் நெல்லை அள்ளி ஓரம் கட்டினார்கள். கடைகளை இழுத்து மூடினார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்து, களத்தில் இறக்கி, இரண்டு பக்கமும் தோள் கொடுத்து நிமிர்த்தி வைத்தார்கள். கைக்குழந்தைகளின் பாதத்தைச் சிமெண்டில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்த ஈரோடு பஸ்ஸை மறித்து, பயணிகளை எல்லாம் இறங்கி வந்து நிற்கச் சொன்னார்கள். என்ன ஏது என்று தெரியாவிட்டாலும் எல்லோரும் நிற்கிறார்களே என்று அவர்களும் வந்து வரிசையாக நின்றார்கள். ஆட்டைக் கூட்டி வந்தவர்கள், அது எப்போதும் நின்றுகொண்டுதானே இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தார்கள்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் பழைய பிளெக்ஸை அவிழ்க்க ஆரம்பித்திருந்தார்கள். கோகிலவாணி கூட்டத்தைப் பார்த்தாள். அதில் அம்மா இல்லை.

வீட்டுக்கு ஓடினாள். பாவாயி கொல்லையில், துவைக்கிற கல்லின்மேல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, எந்திரி. போர்டு ஏறுது."

"ஏறட்டும்."

"நின்னாத்தாம்மா உண்டு. தயவுபண்ணி எந்திரி."

"நான் கேட்டது கெடைக்கல. மத்தது இருந்தா என்ன, போனா என்ன. நீ போய் உன்ற ஊரைக் காப்பாத்து."

கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். பாவாயி கல்லோடு கல்லாக இருந்தாள். காலில் விழுந்து பார்த்தாள். அழுது பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுப் பக்கமிருந்து, "ஏத்து, ஏத்து" என்று ரெஜினால்டின் குரல் கேட்டது. கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். தலைக்கு மேலே முருங்கை மரம் நின்றது.

"அப்பா சொல்ல வந்தது சரிதான்" என்றாள்.

"என்ன?"

"இந்த மரத்தை வெட்டக்கூடாது. அவரு திரும்பி வந்திருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாரு. பூச்சி வந்தா வேப்பெண்ணெய் அடிக்கறதை விட்டுப்போட்டு மரத்தை வெட்டறேங்கறது என்ன புத்தி? நானும் அவர் பக்கந்தான்." சொல்லிவிட்டுத் திரும்பி வேகமாக நடந்தாள்.

"ஏய், நில்லு! வேப்பெண்ணெய் அடிச்சது யாரு? அவரா அடிச்சாரு? நீயா அடிச்ச? வருஷா வருஷம் நாந்தானே அடிச்சேன்!"

கோகிலவாணி நிற்கவில்லை. "சரியா அடிச்சிருக்க மாட்டே."

பாவாயி எழுந்தாள். செருப்புக்கூடப் போடாமல் மகளின் பின்னால் வந்தாள். அரிப்பெடுத்து ராத்திரி முழுக்கச் சொரிந்தது யார், துணியை உதறி உதறிக் காயப்போட்டது யார், முருங்கைக்காய் சாம்பார் வேண்டும் என்றால் மட்டும் முதல் ஆளாக உட்காருகிறவர் ஒருநாளாவது குனிந்து ஒரு பூச்சியைப் பொறுக்கிப் போட்டிருக்கிறாரா என்று வீதி முழுக்கக் கேட்டுக்கொண்டே வந்தாள். கோகிலவாணி ஒவ்வொரு திருப்பத்திலும் அப்பாவுக்காக ஒரு வார்த்தை போட்டாள். அவர் சொன்னால் காரணம் இருக்கும் என்றாள். மரம் வைத்தவருக்குத்தான் அருமை தெரியும் என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் பாவாயியின் நடை வேகமாயிற்று. பங்குனியிலிருந்து அடைத்துக்கிடந்தது எல்லாம் கொட்டியது. ஆளில்லாத வீதியில், பூட்டிய கடைகளைத் தாண்டி, ரோட்டை இரண்டு பக்கமும் பார்க்காமல் தாண்டி, களத்தின் விளிம்பில் கால் வைத்து, கூட்டத்தை இரண்டாகப் பிளந்துகொண்டு நடுவில் வந்து நின்று, மகளின் முகத்துக்கு நேரே விரலை நீட்டி, "நீ உங்கப்பன் மகதாண்டி!" என்று கத்தினபோது, எதிரே புது பிளெக்ஸின் கடைசி முடிச்சு விழுந்தது.

 ரெஜினால்டு ஒரு தடவை மினுக்கினார். கூடவே அர்த்தநாரி, லைன்மேன், தேன்மொழி, அவள் வயிறு என்று களம் முழுக்க அங்கங்கே மினுக்கியது, கல்யாண மண்டபத்து சீரியல் விளக்கு மாதிரி. பிறகு எல்லாம் நின்று, ஒரே சீராக எரிந்தது. தேன்மொழி குனிந்து வயிற்றைப் பார்த்தாள். உள்ளே எட்டி உதைத்ததைப் பக்கத்திலிருந்தவர்களே பார்த்தார்கள்.

பிழைத்துவிட்டோம் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் அதற்கப்புறம் என்ன செய்வது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நிற்கும் என்றுதானே இருக்கிறது. உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று அதில் இல்லையே. அதனால் நின்றார்கள். வெயில் சாய்ந்தது. ஈரோடு பஸ் டிரைவர் மணியைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஆஸ்பத்திரிக்காரர்களைத் தாங்கியிருந்தவர்களுக்குத் தோள் இறங்கியது. ரெஜினால்டின் போன் அடித்தது. அசையப் பயந்து அதை எடுக்காமல் நின்றார். கூட்டம் மொத்தமும் கோகிலவாணியைப் பார்த்தது. அவள் தான் எழுதிய வரியை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்தாள். அதில் எந்தப் பதிலும் கிடைக்கவில்லை.

பாவாயி முந்தானையால் கழுத்தைத் துடைத்தாள். நடுவில் மூச்சு வாங்கியதால் சண்டை நின்றுபோயிருந்தது. சுற்றிலும் பார்த்தாள்.

"கால் கடுக்குதப்பா" என்றாள். யாரும் தடுப்பதற்குள், ஒரு கையைத் தரையில் ஊன்றி, சூடு ஆறாத சிமெண்டில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

ஒன்றும் ஆகவில்லை. காலை நீட்டி முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

முதலில் கோகிலவாணி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்புறம் தேன்மொழியைக் கைத்தாங்கலாக உட்காரவைத்தார்கள். அப்புறம் பஸ்காரர்கள், பட்டறைக்காரர்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று களம் ஓரத்திலிருந்து சரிந்துகொண்டே வந்து மொத்தமும் உட்கார்ந்தது. ரெஜினால்டு மட்டும் நடுவில் தனியாக நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆவணி ஆஃபரா? எப்போ வேணும்? இப்பவேவா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவாயி நகர்ந்து இடம்விட்டாள். "ஏனுங்க தம்பி, அதை அணைச்சுப்போட்டுக் கொஞ்சம் உக்காருங்க. செத்துப் பொழைச்சவரு."

அவர் போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பேன்ட்டைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.